ஹேக் போடுபவரின் கணினியில்தான் ஆட்டமே நடக்கிறது

2018 ஜனவரி மாதத்தில் மட்டும் கணினி பப்ஜியிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகள் ஹேக் போட்டதற்காக, அதாவது ஏமாற்றி ஜெயிக்க உதவும் நிரலைப் பயன்படுத்தியதற்காக, நீக்கப்பட்டன. அன்று அது இலவச கேம் இல்லை, காசு கொடுத்து வாங்க வேண்டியது. ஒரே மாதத்தில் அத்தனை பேரைத் துரத்திய பிறகும் புகார்கள் ஓயவில்லை. அப்போதும் சரி, இப்போதும் சரி, நேர்மையாக ஆடுபவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: கோடி கோடியாகச் சம்பாதிக்கிற கம்பெனிக்கு இதைத் தடுக்கத் தெரியவில்லையா, இல்லை மனசில்லையா?

மனசில்லாத கம்பெனிகளும் இருக்கின்றன. ஆனால் மனசும் பணமும் திறமையும் இருக்கிற கம்பெனியாலும் இதை முழுசாக ஒழிக்க முடியவில்லை. ஆட்டம் எங்கே நடக்கிறது என்பதைப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும்.

ஆன்லைன் கேம் ஒன்று இரண்டு இடங்களில் ஓடுகிறது. ஒன்று கம்பெனியின் சர்வர். இன்னொன்று ஒவ்வொரு ஆட்டக்காரரின் கணினி அல்லது போன். யாருக்கு எவ்வளவு உயிர் மிச்சம், துப்பாக்கியில் எத்தனை தோட்டா, யார் செத்தார் என்ற கணக்கையெல்லாம் ஒழுங்காகக் கட்டிய கேமில் சர்வர்தான் வைத்திருக்கும். அதனால்தான் சாகாவரம், தீராத தோட்டா போன்ற பழைய ஹேக்குகள் நல்ல கேம்களில் இன்று எடுபடுவதில்லை. உங்கள் கணினி என்ன பொய் சொன்னாலும் சர்வர் தன் கணக்கைத்தான் நம்பும்.

மிச்சம் இருப்பவை இரண்டு வகை. தெரியக்கூடாததைத் தெரிந்துகொள்வது ஒன்று, சுவருக்குப் பின்னால் நிற்பவரைக் காட்டும் வால்ஹேக் அந்த ரகம். கையால் செய்ய முடியாததைச் செய்வது இன்னொன்று, தானாகக் குறிபார்க்கும் எய்ம்பாட் அந்த ரகம். இரண்டுமே சர்வருக்கு எட்டாத இடத்தில், ஆட்டக்காரரின் சொந்தக் கணினியில் நடக்கின்றன.

முதலில் வால்ஹேக். சுவருக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார் என்ற தகவலை என் கணினிக்கு சர்வர் ஏன் அனுப்ப வேண்டும்? அனுப்பாவிட்டால் ஹேக்கே கிடையாதே? நியாயமான கேள்வி. பதில் தூரத்தில் இருக்கிறது.

சென்னையில் உட்கார்ந்து மும்பை சர்வரில் ஆடினால் ஒரு தகவல் போய்வர சுமார் 30 மில்லி விநாடி ஆகும். சிங்கப்பூர் சர்வர் என்றால் இன்னும் கூடும். வீட்டு வைஃபை சரியில்லை என்றால் நூறைத் தாண்டும். திரையோ விநாடிக்கு 60 முறை புதிதாக வரையப்படுகிறது, அதாவது 17 மில்லி விநாடிக்கு ஒரு படம். ஒவ்வொரு அசைவுக்கும் சர்வரிடம் கேட்டுப் பதில் வந்த பிறகே திரை மாற வேண்டும் என்றால், நடப்பது சேற்றில் நடப்பது போலத்தான் இருக்கும். டயல்-அப் மோடம் காலத்தில் இந்தத் தொல்லை தாங்க முடியாததாக இருந்தது. 1996-ல் வந்த குவேக்வேர்ல்டு என்ற துப்பாக்கிச் சண்டை கேமில், அதன் நிரலாளர் ஜான் கார்மாக் இதற்கு ஒரு வழி செய்தார். ஆட்டக்காரரின் கணினியே அடுத்து என்ன ஆகும் என்று முன்கூட்டி ஊகித்து வரைந்துவிடும், சர்வர் பிறகு சரிபார்க்கும். இன்றைய வேகமான சண்டை கேம்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் நடக்கின்றன.

இப்படி ஊகித்து வரைய, சுற்றுவட்டாரத்தில் யார் எங்கே இருக்கிறார் என்பது உங்கள் கணினிக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் நிற்பவர் எந்தக் கணத்திலும் வெளியே வரலாம். வந்த பிறகு தகவல் அனுப்பினால் திடீரென்று வெற்றிடத்திலிருந்து முளைப்பார், அதற்குள் அவர் உங்களைச் சுட்டும் இருப்பார். ஆகவே அவர் இருக்கும் இடம் முன்னதாகவே உங்கள் கணினியின் மெமரிக்கு வந்துவிடுகிறது. வரையாமல் வைத்திருப்பது மட்டும்தான் கேமின் வேலை. சீட்டாட்டத்தில் எதிராளியின் சீட்டுகளை உறையில் போட்டு உங்கள் கையிலேயே கொடுத்து, பிரிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்வது மாதிரி. வால்ஹேக் எதையும் உடைத்து நுழைவதில்லை, கையில் இருக்கும் உறையைப் பிரிக்கிறது, அவ்வளவுதான்.

இந்த உறையைக் கொடுக்காமல் விட உண்மையாகவே முயன்றவர்கள் ரயட் கேம்ஸ் கம்பெனியினர். 2020-ல் அவர்கள் வெளியிட்ட வேலரன்ட் என்ற சண்டை கேமில், ஒருவர் கண்ணில் படுகிற நிலைக்குக் கிட்டத்தட்ட வந்த பிறகுதான் அவர் இருக்குமிடத்தை சர்வர் அனுப்பும். இதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆட்டக்காரரை வேவு பார்க்காமல், கொடுக்கும் தகவலைக் குறைக்கிற வழி இது. ஆனால் இது எல்லா கேமுக்கும் ஒத்துவராது. வேலரன்ட்டில் அணிக்கு 5 பேர், சின்ன வரைபடம், அசையாத சுவர்கள். யார் யாரைப் பார்க்க முடியும் என்று 50 திசைகளில் கணக்குப் போட்டால் போதும். பப்ஜியின் எராங்கல் வரைபடம் 8 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர். அதில் 100 பேர், அதாவது 9,900 திசைகள். ஜன்னல், கதவு, புல், ஓடும் ஜீப், தூரத்தை இழுத்துக் காட்டும் ஸ்கோப் எல்லாம் உண்டு. விநாடிக்குப் பல தடவை இத்தனையையும் ஒரு சர்வர் கணக்கிட வேண்டும். அப்படியே கணக்கிட்டாலும் காலடிச் சத்தம் என்று ஒன்று இருக்கிறது. சுவருக்குப் பின்னால் நடப்பவரின் சத்தம் உங்கள் ஹெட்போனில் சரியான திசையிலிருந்து கேட்க வேண்டும் என்றால், அந்தத் திசை உங்கள் கணினிக்குத் தெரிந்தாக வேண்டும்.

எய்ம்பாட் இதைவிடக் கஷ்டம். சர்வருக்கு வருவது "இந்த நொடியில் இந்தத் திசையில் பார்த்தேன், சுட்டேன்" என்கிற எண்கள் மட்டும். அந்த எண்களை உண்டாக்கியது கையா, நிரலா என்று அவற்றில் எழுதியிருக்காது. ஆரம்பகால எய்ம்பாட்கள் கண் இமைப்பதற்குள் பின்பக்கம் திரும்பித் தலையில் சுட்டன, பிடிப்பது சுலபமாக இருந்தது. இப்போது விற்பவை குறியை லேசாக மட்டும் இழுத்துக் கொடுக்கும். வேண்டுமென்றே சில தோட்டாக்களைத் தவறவிடும். சில ஹேக்குகள் கேமைத் தொடுவதே இல்லை. திரையில் தெரியும் படத்தை இன்னொரு கருவிக்கு எடுத்துச்சென்று, அங்கே எதிரியை அடையாளம் கண்டு, மவுஸ் அசைவாகத் திருப்பி அனுப்புகின்றன. உள்ளே எத்தனை காவல் போட்டாலும் இதற்குப் பயனில்லை.

சதுரங்கம் இந்த எல்லையைத் துல்லியமாகக் காட்டுகிறது. அங்கே மறைந்திருக்கும் தகவல் எதுவும் கிடையாது, இருவருக்கும் முழுப் பலகையும் தெரியும். ஒவ்வொரு நகர்வையும் சர்வர்தான் சரிபார்க்கிறது. அப்படியும் பக்கத்தில் ஒரு போனில் செஸ் எஞ்சினைத் திறந்து வைத்தால் போதும். 2021 ஜூனில் விஸ்வநாதன் ஆனந்தை எதிர்த்து நன்கொடைக்காக ஆன்லைனில் ஆடிய தொழிலதிபர் நிகில் காமத், ஆச்சரியமாக ஜெயித்தார். மறுநாளே கணினியின் உதவியும் மற்றவர்களின் உதவியும் இருந்ததை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அங்கே தொழில்நுட்பத் தடை ஒன்றும் உடைபடவில்லை.

சரி, கம்பெனிகள் என்ன செய்தன? ஆட்டக்காரரின் கணினிக்குள் காவலாளியை அனுப்பின. 2000-களின் தொடக்கத்தில் பங்க்பஸ்டர் என்ற காவல் நிரல் வந்தது, 2002-ல் கவுன்டர்-ஸ்ட்ரைக் கேமின் கம்பெனியான வால்வின் வேக் வந்தது. கேம் ஓடும்போது மெமரியைப் பார்த்து, தெரிந்த ஹேக்கின் தடயம் இருக்கிறதா என்று தேடுவது இவற்றின் வேலை. ஹேக் எழுதுபவர்கள் ஒரு படி கீழே இறங்கினார்கள். விண்டோஸின் அடித்தளமான கெர்னலுக்குள் டிரைவராக (வன்பொருளை இயக்க உள்ளே அனுமதிக்கப்படும் நிரலாக) நுழைந்துவிட்டால், மேலே ஓடும் காவல் நிரலுக்கு எதைக் காட்டுவது எதை மறைப்பது என்பதை ஹேக்கே முடிவு செய்யலாம். காவலாளியும் கீழே இறங்கினார். ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ, ரயட்டின் வேன்கார்டு எல்லாம் கெர்னலில் வேலை செய்பவை. வேன்கார்டு இன்னும் ஒரு படி போய், கேமைத் திறக்கும்போது இல்லாமல் கணினியை ஆன் செய்யும்போதே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. முதலில் வந்தவருக்குத்தான் அங்கே அதிகாரம் என்பதால் அதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு.

ஹேக் எழுதுபவர்கள் இப்போது அதற்கும் கீழே இறங்கிவிட்டார்கள். டி.எம்.ஏ என்று ஹேக் உலகில் சொல்லப்படுவது ஒரு அட்டை. கணினியின் விரிவாக்க ஸ்லாட்டில் அதைச் செருகினால், பிராசஸரைக் கேட்காமலே மெமரியை நேராகப் படிக்கும். படித்ததை இன்னொரு கணினிக்கு அனுப்பும். ஹேக் நிரல் ஓடுவது அந்த இரண்டாவது கணினியில், எதிரிகளின் இடத்தைக் காட்டுவதும் அதன் திரையில்தான். கேம் ஓடுகிற கணினியில் தேடினால் ஹேக் நிரலே கிடைக்காது. அட்டை சாதாரண நெட்வொர்க் கார்டு போல வேஷம் போட்டிருக்கும்.

கெர்னலில் காவலாளியை வைப்பது ஹேக்கர்களைச் சிரமப்படுத்துகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதன் விலையைக் கொடுப்பது ஹேக் போடாதவர்கள். 2016-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 என்ற கேமில் ஏமாற்றைத் தடுக்க, அதன் கம்பெனி கேப்காம் ஒரு டிரைவரைச் சேர்த்தது. கணினியில் இருக்கும் எந்த நிரலும் அந்த டிரைவர் வழியாகக் கெர்னலுக்குள் புகுந்துவிடலாம் என்று உடனே தெரியவந்து, அவசரமாகத் திரும்பப் பெற்றார்கள். முறையான டிஜிட்டல் கையெழுத்தோடு வெளியான டிரைவர் என்பதால் விண்டோஸ் அதை நம்பியது. பின்னாளில் ஹேக் எழுதுபவர்களே தங்கள் நிரலைக் கெர்னலில் ஏற்ற அதைச் சாவியாகப் பயன்படுத்தினார்கள். கென்ஷின் இம்பாக்ட் என்ற கேமின் ஆன்டி-சீட் (ஹேக் தடுக்கும்) டிரைவருக்கும் இதே கதிதான். கணினியைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பல் ஒன்று, அந்த கேமே இல்லாத கணினிகளுக்கு அதைக் கொண்டுபோய், ஆன்டிவைரஸை அணைக்கப் பயன்படுத்தியது என்று 2022-ல் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான டிரெண்ட் மைக்ரோ விவரமாக எழுதியது. 2013-ல் அமெரிக்காவின் இ.எஸ்.இ.ஏ என்ற கவுன்டர்-ஸ்ட்ரைக் லீக்கின் ஆன்டி-சீட் நிரலுக்குள் பிட்காயின் எடுக்கும் நிரல் ஒளிந்திருந்தது வெளிவந்தது. சுமார் 14,000 கணினிகள் அப்படி வேலை வாங்கப்பட்டன, நியூ ஜெர்சி அரசோடு 10 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. காவலுக்கு என்று உள்ளே விட்ட நிரல்கள் செய்த காரியங்கள் இவை.

அப்புறம் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம் பயன்படுத்துபவர்கள். அங்கே கெர்னலையே யாரும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் காவலாளிக்குப் பிடிமானம் குறைவு. 2024 அக்டோபரில் ஏபெக்ஸ் லெஜென்ட்ஸ் என்ற கேம் ஹேக்கைக் காரணம் காட்டி லினக்ஸை மொத்தமாக மூடிவிட்டது. லினக்ஸில் ஓடும் ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவியை வாங்கி ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்தவர்களும் அதோடு வெளியே போனார்கள்.

இங்கே பெரும்பாலோர் ஆடுவது போனில். ஆண்ட்ராய்டில் ரூட் செய்த (முழு அதிகாரமும் திறந்துவிட்ட) போன், மாற்றி எழுதிய ஏ.பி.கே (ஆப்பை நிறுவும் கோப்பு), போனைப் போல நடிக்கும் எமுலேட்டர் என்று வழிகள் வேறு, அடிப்படை ஒன்றே: கருவி ஆடுபவரின் கையில் இருக்கிறது. கணினியில் கேட்பதுபோல் கெர்னல் வரை இறங்கும் அனுமதியைப் போனில் ஒரு கேமால் கேட்கவும் முடியாது. ஹேக் தேடுகிற பையன்கள் எங்கிருந்தோ வந்த ஏ.பி.கேயை இன்ஸ்டால் செய்து எல்லா அனுமதியும் கொடுத்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. 2018-ல் சீனாவில் கணினி பப்ஜி ஹேக்குகளுக்காக 15 பேர் பிடிபட்டபோது, அந்த ஹேக்குகள் சிலவற்றில் பயனரின் தகவலைத் திருடும் ட்ரோஜன் இருந்ததும் தெரியவந்தது. அப்பாவின் போனில் ஹேக் போடுகிற பிள்ளை, அதே போனில் வங்கிக் கணக்கும் இருப்பதை நினைப்பதில்லை.

கருவி பார்த்துப் பிடிக்க முடியாததை நடத்தை பார்த்துப் பிடிக்கலாம் என்பது இன்னொரு வழி. குறி எப்படி நகர்கிறது, எத்தனை தோட்டா படுகிறது என்பதை சர்வரிலேயே அலசுவது. இதில் ஆட்டக்காரரின் கணினியை நோண்ட வேண்டியதில்லை என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம் உண்டு. வால்வின் வேக்நெட் அந்த வகை. 2018-ல் அதை உருவாக்கியவர்கள் சொன்ன ஒரு கணக்கு யோசிக்க வைப்பது. சந்தேக ஆட்டங்களின் பதிவை அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் பார்த்துத் தீர்ப்பு சொல்லும் ஏற்பாடு ஒன்று கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் இருந்தது. வேக்நெட் அனுப்பிய புகார்களில் 80 முதல் 95 சதவீதம் வரை ஹேக் என்று உறுதியானது. மனிதர்கள் கொடுத்த புகார்களில் உறுதியானது 15 முதல் 30 சதவீதம்தான். அதாவது "ஹேக்குடா" என்று நாம் ரிப்போர்ட் அடிக்கிற பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர்மீது குற்றம் உறுதியாவதில்லை. பலர் நம்மைவிட நன்றாக ஆடியவர்களாக இருக்கலாம், அல்லது நெட் தாமதத்தின் கோளாறாக இருக்கலாம். தாமதத்தை ஈடுகட்ட சர்வர் கடந்த சில கணங்களைப் பின்னோக்கித் திருப்பிப் பார்த்து, சுட்டவர் திரையில் என்ன தெரிந்ததோ அதன்படி தீர்ப்பு சொல்லும். உங்கள் திரையில் நீங்கள் சுவருக்குப் பின்னால் போய்விட்டீர்கள், அவர் திரையில் இன்னும் வெளியே நிற்கிறீர்கள். செத்ததும் அவரை ஹேக்கர் என்கிறீர்கள்.

நடத்தைக் கணக்கின் சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு கோடி பேர் ஆடும் கேமில், நேர்மையானவரைத் தவறாகப் பிடிப்பது ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மிக நல்ல கருவி. ஆனாலும் ஏறக்குறைய 10,000 அப்பாவிகளின் கணக்கு போய்விடும். இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. 2010 ஜூலையில் மாடர்ன் வார்ஃபேர் 2 என்ற கேமை ஆடிய சுமார் 12,000 பேரை வேக் தவறாகத் தடை செய்தது. வால்வின் கேம் விற்பனைத் தளமான ஸ்டீம் ஒரு கோப்பைப் புதுப்பித்த நேரத்தில், வட்டில் இருந்ததும் மெமரியில் ஓடியதும் ஒத்துப்போகாததுதான் காரணம். வால்வ் தலைவர் கேப் நியூவெல் மன்னிப்புக் கேட்டு, தடையை நீக்கி, ஆளுக்கு இலவசமாக ஒரு கேமும் கொடுத்தார். இந்தப் பயத்தால் கம்பெனிகள் தடை செய்வதற்கான எல்லைக் கோட்டைத் தள்ளிப் போடுகின்றன. முழு நிச்சயம் வந்தால்தான் தடை. ஹேக்கர்கள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று ஆடக் கற்றுக்கொள்கிறார்கள்.

நிச்சயமாகத் தெரிந்த பிறகும் உடனே தடை செய்யாததற்கு வேறு காரணம் உண்டு. இன்று ஹேக்கை ஆன் செய்தவர் இன்றே பிடிபட்டால், எந்த மாற்றம் காட்டிக்கொடுத்தது என்று ஹேக் எழுதியவருக்குப் புரிந்துவிடும். வாரக்கணக்கில் சேர்த்துவைத்து ஒரே நாளில் அலையாகத் தடை செய்தால் எது காட்டிக்கொடுத்தது என்று தெரியாது. 2023 பிப்ரவரியில் டோட்டா 2 என்ற தன் கேமில் வால்வ் செய்தது எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். சாதாரணமாக ஆடும்போது கேம் ஒருபோதும் படிக்காத ஒரு இடத்தில் சில தரவுகளை வைத்தார்கள். மெமரியைத் துழாவும் ஹேக் மட்டுமே அதைப் படிக்கும். 40,000-க்கும் மேற்பட்ட கணக்குகள் சிக்கின. இதில் தப்பாகப் பிடிக்கும் பயம் மிகக் குறைவு. ஆனால் இந்தப் பொறி ஒரு தடவைதான் வேலை செய்யும்.

தடை செய்தாலும் ஆள் போவதில்லை, கணக்குதான் போகிறது. 2018 டிசம்பரில் கவுன்டர்-ஸ்ட்ரைக் இலவசமானபோது புதுக் கணக்குக்கு விலையே இல்லாமல் போனது. கணினியின் அடையாளத்தை வைத்துத் தடுத்தால் அதை மாற்றிக் காட்டும் நிரலும் விற்பனைக்கு இருக்கிறது. விற்பனை என்பதுதான் இங்கே முக்கியம். 2021-ல் சீனாவின் குன்ஷான் போலீசும் கேம் கம்பெனியான டென்சென்ட்டும் சேர்ந்து பிடித்த கும்பல் ஹேக்குகளைச் சந்தாவுக்கு விற்று, சுமார் 7.6 கோடி டாலர் வருமானம் பார்த்திருந்தது. சொகுசு கார்கள் உட்பட 4.6 கோடி டாலர் சொத்து பறிமுதலானது. இந்த அளவு பணம் புழங்கும் இடத்தில், ஓட்டையை அடைத்த மறுநாளே வேறு ஓட்டை தேட முழுநேர ஆட்கள் இருப்பார்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. தென்கொரியாவில் ஹேக் தயாரித்துப் பரப்பினால் சிறைத் தண்டனை உண்டு. அமெரிக்காவில் கம்பெனிகள் சிவில் வழக்கு போடுகின்றன. 2024-ல் எஞ்சின்ஓனிங் என்ற ஹேக் விற்பனையாளர்கள்மீது கேம் கம்பெனியான ஆக்டிவிஷனுக்குச் சாதகமாக 1.4 கோடி டாலருக்கும் மேல் தீர்ப்பானது, ஆனால் எதிர்த் தரப்பு வெளிநாட்டில் இருக்கும்போது வசூலிப்பது வேறு கதை. அதே 2024 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், சோனி தொடுத்த வழக்கில், கேமின் நிரலை நகலெடுக்காமல் மெமரியில் மாறும் மதிப்புகளை மட்டும் மாற்றுவது பதிப்புரிமை மீறல் ஆகாது என்றது. ஒரே நிரலை விற்பவர் ஒரு நாட்டில் குற்றவாளி, இன்னொரு நாட்டில் வெறும் வியாபாரி.

கருவியை ஆட்டக்காரரின் கையிலிருந்து எடுத்துவிட்டாலாவது தீருமா? 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த ஆசியக் கவுன்டர்-ஸ்ட்ரைக் போட்டியில் ஆப்டிக் இந்தியா அணி வீரர் ஒருவர், மேடையில் எல்லோர் கண்ணெதிரே, "வேர்ட்" என்று பெயர் மாற்றிய எய்ம்பாட்டோடு பிடிபட்டார். நடுவர் கணினியைச் சோதிக்க வந்தபோது அதை அழிக்கப் பார்த்தார். அணி கலைக்கப்பட்டது, அவருக்கு 5 ஆண்டு தடை விதிக்கப்பட்டது. அந்த அணிக்காக உழைத்த மற்ற நால்வரும் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. ஆனால் அங்கே ஒன்று சரியாக நடந்தது. ஒரு மனிதர் வந்து பார்த்தார், திரையில் இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள், பிறகு தீர்ப்பு வந்தது.

வீட்டில் ஆடுகிறவருக்கு அது கிடைப்பதில்லை. "உங்கள் கணக்கு நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டது" என்ற ஒரு வரியோடு, வருஷக்கணக்கில் சேர்த்த ரேங்க், காசு போட்டு வாங்கிய ஸ்கின் (ஆயுதம், உடைக்கான அலங்காரத் தோற்றம்) எல்லாம் போய்விடுகிறது. எதற்காக என்று சொன்னால் ஹேக்கர்கள் கற்றுக்கொள்வார்கள் என்பது கம்பெனியின் வாதம், அதில் உண்மை இருக்கிறது. ஆனால் கெர்னல் வரை இறங்கிப் பார்க்க அனுமதி கேட்கிற கம்பெனி, அப்பாவி ஒருவர் முறையிட்டால் தானியங்கிப் பதிலுக்குப் பதிலாக ஒரு மனிதர் கோப்பைத் திறந்து பார்க்கும் ஏற்பாட்டையும் செய்ய வேண்டும். எத்தனை பேரைத் தடை செய்தோம் என்று பெருமையாக அறிவிக்கும்போது, எத்தனை தடைகளைத் தவறென்று கண்டு திரும்பப் பெற்றோம் என்பதையும் அதே அறிவிப்பில் சொல்லட்டும்.